இருள்வேந்தனுக்கு ரெண்டு ஸைத் எதுக்கு? (கேம் கேரக்டர், கஸ்டம் ஆயுதம், பேக்ஸ்டோரி)

கேள்வி, மே 11

சொந்தமா ஒரு ஆக்‌ஷன் கேம் பண்ணிட்டு இருக்கேன், கேமரா முதுகுக்குப் பின்னாடி. ஹீரோ பேரு இருள்வேந்தன். ரெண்டு கையிலயும் ரெண்டு ஸைத், நீளக் கம்புல மாட்டின பெரிய அரிவாள் மாதிரி இருக்குமே அது. ரெண்டையும் சேர்த்தா துப்பாக்கியா மாறும். அவனோட ஊர் எரிஞ்சு போச்சு, அப்பா அம்மா இல்ல, குலத்துல கடைசி ஆள், பழைய ஞாபகம் எதுவும் கிடையாது. பேக்ஸ்டோரி மட்டும் 14 பக்கம் எழுதி வச்சிருக்கேன். கதை எவ்வளவு ஆழமா இருக்கோ அவ்வளவுக்கு ஆயுதமும் வெயிட்டா தெரியும்ங்கறது என் கருத்து. சரிதானே?

பதில், மே 11, ராத்திரி

சரியில்ல.

14 பக்கம் எழுதுனதுல ஒண்ணும் இல்ல, நானும் எழுதுவேன், எழுதாட்டி தூக்கம் வராது. ஆனா அந்த 14 பக்கத்துல எந்த வரியைத் தூக்குனா உங்க கேம்ல ஒரு பட்டனாவது மாறும்னு பாருங்க. ஊர் எரிஞ்சதை எடுத்துட்டு வெள்ளத்துல போச்சுன்னு போட்டா இருள்வேந்தன் வேற மாதிரி சண்டை போடுவானா? மாட்டான். அதே ரெண்டு ஸைத், அதே சுத்து, அதே துப்பாக்கி. அப்போ கதை ஒரு பக்கம் கிடக்கு, ஆயுதம் ஒரு பக்கம் கிடக்கு, ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்குங்கறதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்ல.

என்னைக் கேட்டா ஆயுதத்தால என்ன முடியாதுங்கறதுல இருந்து ஆரம்பிங்க. முடியாத இடத்துலதான் ஆள் யாருன்னு தெரியும்.

மே 11, அதே ராத்திரி, தூக்கம் வரல

ஸைத் பத்தி. விவசாய ஸைத்தைப் பார்த்தீங்கன்னா பிளேடு கம்புக்குக் குறுக்கே நிக்கும், கூர் இருக்கறது உள்பக்கம். புல்லைத் தரையோட ஒட்டி சீவுறதுக்குப் பண்ணது, பிளேடும் மெல்லிசு. அதை வச்சு எதிர்ல நிக்கிற ஆளை அடிக்கணும்னா பிளேடு அவனைத் தாண்டிப் போயி அவன் முதுகுப் பக்கத்துல இருந்து உங்க பக்கமா இழுக்கணும். அவன் சும்மா நிப்பானா? உள்ள புகுந்துருவான், புகுந்துட்டா உங்க கையில வெறும் கம்புதான் மிச்சம். அதனாலதான் நிஜமாவே சண்டைக்கு எடுத்துட்டுப் போனவங்க பிளேடைக் கழட்டி கம்போட நேர்க்கோட்டுல, ஈட்டி மாதிரி நிமித்தி மாட்டிக்கிட்டாங்க. 1794ல போலந்துல ரத்ஸ்வாவிட்சே சண்டையில விவசாயிங்க அப்படி நிமித்துன ஸைத்தோடதான் ரஷ்ய பீரங்கி மேலயே ஓடிப் போயி புடிச்சாங்க.

இதைப் பாத்து ஐயோ என் டிசைன் தப்பாயிருச்சேன்னு உக்காந்துராதீங்க. தப்பே இல்ல. பிளேடை நிமித்தத் தெரிஞ்ச ஊர்ல பொறந்தவன் ஏன் நிமித்தாம வச்சிருக்கான்? இந்த ஒரு கேள்வி உங்க 14 பக்கத்தை விட எனக்கு சுவாரசியமா இருக்கு. நிமித்த விட மாட்டேங்கறானா, நிமித்தத் தெரியாதா, திரும்பப் போயி புல்லு அறுக்கணும்னு இன்னும் நெனச்சுட்டு இருக்கானா? மூணுக்கும் மூணு வேற மூவ்செட், அதாவது சண்டை அசைவுகள், வரும்.

மே 12

"அதெல்லாம் ரியலிசம் ப்ரோ, கேம்ல கூல் ஃபேக்டர்தான் முக்கியம்"னு ஒருத்தர் கீழ போட்டிருக்கார்.

ரியலிசம் நான் கேக்கவே இல்ல. பெரிய வாள் பைத்தியம் எனக்கும் உண்டு. ஆள் உயரத்துக்கு வாள், 180 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 5 கனம்னு வச்சுக்கோங்க, ஸ்டீல் ஒரு கன சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 7.85 கிராம், பெருக்கிப் பாத்தா 247 கிலோ வருது. நிஜ லாங்ஸ்வார்ட் ஒண்ணே கால், ஒண்ணரை கிலோதான் இருக்கும், அதோட பேலன்ஸ் பாயின்ட் கைப்பிடிக் குறுக்குல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே விழும், அதனாலதான் மணிக்கட்டுல திருப்ப முடியுது. 247 கிலோவைத் தூக்குறான்னா தூக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா தூக்குறதுக்கு என்ன குடுக்குறான்? வாள் சுத்தும்போது வாள் அவனை இழுத்துட்டுப் போகுதா? நிறுத்த முடியாம ரெண்டு அடி எடுத்து வைக்கறானா? அந்த ரெண்டு அடிதான் கேரக்டர். எதுவுமே குடுக்காம மயிலிறகு மாதிரி சுத்துனா அது 247 கிலோ இல்ல, அட்டைப்பெட்டி.

மே 12, மதியம்

ஃப்ரேம் கணக்கு, அதாவது ஒரு அடிக்குத் திரையில எத்தனை படம் ஓடுதுங்கற கணக்கு, கேட்டிருந்தாங்க, அது வேணும்தான், சொல்லிடறேன்.

ஒரு அடியை மூணா பிரிப்பாங்க. ஓங்குற நேரம், அடி படுற நேரம், கை பழைய இடத்துக்குத் திரும்புற நேரம். ஸ்டார்ட்அப், ஆக்டிவ், ரெக்கவரி. கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ஓடுதுன்னா 18 ஃப்ரேம் ஸ்டார்ட்அப்னா 0.3 செகண்ட். மனுஷன் ஒண்ணைக் கண்ணால பாத்து பட்டன் அமுக்க 200ல இருந்து 250 மில்லி செகண்ட் ஆகும், அதாவது 12ல இருந்து 15 ஃப்ரேம். அதுக்குக் கீழ ஸ்டார்ட்அப் இருந்தா எதிராளி பாத்துத் தடுக்க முடியாது, ஊகிச்சுத்தான் தடுக்கணும். மேல போச்சுன்னா பாத்தே தடுத்துருவான்.

இப்போ இதுல கதை எங்கன்னா, ஸ்டார்ட்அப் நீளமா இருக்கற ஆள் தன் எண்ணத்தை மறைக்க மாட்டான். ஓங்குறது தெரியும். ரெக்கவரி நீளமா இருக்கற ஆள் அடிச்சதுக்கு அப்புறம் மாட்டிக்குவான். ரெண்டுமே பலவீனம்தான், ஆனா ரெண்டு வேற குணம். பழிவாங்க வந்தவனுக்கு நான் ரெக்கவரியை நீட்டுவேன், அடிச்சு முடிச்சா அடுத்து என்னன்னு அவனுக்கே தெரியாதுல்ல. இது ஒரு எழுத்துகூட இல்லாம பிளேயரோட விரலுக்குப் போகும். காரணம் அவனுக்குத் தெரியாது, "இந்த ஆள் ஒரு மாதிரி"ன்னு மட்டும் தோணும். அது போதும்.

மே 14

நான் பண்ணது ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னா புரியும்னு நெனைக்கிறேன். ஒரு மோட்ல (இருக்கற கேமை நாமளே மாத்திப் பண்றது) போட்டேன், பெருசா யாரும் டவுன்லோட் பண்ணல, அதை விடுங்க.

ஒரு பொம்பளை, நடு வயசு. போர் நடந்த காலத்துல ஆத்துல மிதந்து வர்ற பொணங்களைக் கரைக்கு இழுத்துப் போடுறது அவ வேலை. அதுக்கு வச்சிருந்த துரட்டிதான் ஆயுதம். நீளக் கம்பு, நுனியில கொக்கி. வீரப் பரம்பரை, தெய்வ அருள் எதுவும் கிடையாது. பேக்ஸ்டோரி மொத்தமும் இவ்வளவுதான்.

ஆயுதத்துக்கு நான் வச்ச விதி ஒண்ணே ஒண்ணு: நீட்டும்போது அடி படாது, இழுக்கும்போதுதான் படும். அதாவது சாதாரண ஆயுதத்துல ரெக்கவரின்னு சொல்ற நேரம் இவளுக்கு ஆக்டிவ். எல்லா ஆயுதமும் எதிரியைப் பின்னாடி தள்ளும், இவளோடது கிட்ட இழுத்துட்டு வரும். அதனால ஒவ்வொரு அடிக்கும் ஆபத்து இவ பக்கமே நகருது. மூணு பேர் நிக்கிற இடத்துல ஒருத்தனை இழுத்தா மத்த ரெண்டு பேரும் பின்னாடியே வர்றாங்க. சண்டையை எங்க வச்சுக்கணும்னு யோசிச்சு நிக்கணும், தூண், கதவு, படிக்கட்டு, ஏதாவது ஒண்ணு பக்கத்துல வேணும்.

முதல் தடவை விளையாடக் குடுத்தப்போ ஒருத்தன் விடாம "லேக் அடிக்குது லேக் அடிக்குது"ன்னான். லேக் இல்ல, கொக்கி போயி மாட்டுற ஃப்ரேம்ல ஒண்ணுமே நடக்காததால அவனுக்கு அப்படித் தோணிருக்கு. ஒருவேளை இந்த விதியையே தூக்கணுமோன்னு யோசிச்சேன். தூக்கல. கொக்கி மாட்டுற இடத்துல ஹிட்ஸ்டாப் போட்டேன், ரெண்டு பேரும் 6 ஃப்ரேம், 0.1 செகண்ட், அப்படியே உறைஞ்சு நிப்பாங்க, கூடவே ஈரத் துணி இழுபடுற சத்தம் ஒண்ணு. டேமேஜ் அப்பவும் இல்ல. அதுக்கப்புறம் அவன் லேக்னு சொல்லவே இல்ல, "மாட்டிருச்சு, இழு"ன்னு தானா சொல்ல ஆரம்பிச்சுட்டான். கதையை அவனுக்கு யாரும் சொல்லல. ஆறு, பொணம் எதுவும் தெரியாது. ஆனா "இந்தம்மா ஏன் யாரையும் விட மாட்டேங்குது"ன்னு கேட்டான் பாருங்க.

மே 14, ராத்திரி

"அப்போ கதையை பிளேயருக்குச் சொல்லவே வேண்டாமா?"

சொல்லுங்க, ஆனா ஆயுதத்து மேல சொல்லுங்க. டெக்ஸ்சர்ல, அதாவது மாடல் மேல ஒட்டுற படத்துல.

ஸ்மார்ட் மெட்டீரியல்னு ரெடிமேடா இருக்கற ஒண்ணை இழுத்துப் போட்டா எல்லா விளிம்புலயும் ஒரே மாதிரி பெயின்ட் உரிஞ்சு, எல்லாப் பள்ளத்துலயும் ஒரே மாதிரி அழுக்கு சேர்ந்து, பாக்க பழசா ஆயிரும். ஆனா யாரோட பழசு? யாரோடதும் இல்ல. நிஜத்துல பொருள் தேயுறது கை படுற இடத்துல, உறைக்குள்ள உரசுற இடத்துல, சாய்ச்சு வைக்கிற இடத்துல. என் துரட்டிக் கம்புல கீழ இருந்து மூணுல ஒரு பங்கு தூரம் தண்ணி ஊறி கறுத்திருக்கும், அதுக்கு மேல ரெண்டு இடம் மட்டும் வழவழன்னு மின்னும், அங்கதான் கை. ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒரு ஆம்பளை கைக்குப் பொருந்தாத அளவு கம்மி. கொக்கியோட வெளிப்பக்கம் துரு அப்படியே இருக்கு, உள்வளைவு மட்டும் பளபளன்னு. ரஃப்னெஸ் மேப்ல, எது மின்னணும் எது மங்கணும்னு சொல்ற படம் அது, உக்காந்து கையாலதான் வரஞ்சேன், ஆட்டோமேட்டிக்கா வராது.

இன்னொண்ணு, உங்க கேமரா முதுகுக்குப் பின்னாடின்னு சொன்னீங்க. அப்போ பிளேயர் முக்கால்வாசி நேரம் பாக்கப்போறது ஆயுதம் முதுகுல தொங்குறதைத்தான். முன்னாடி பிளேடுல பூவேலை பண்ணி நாலு நாள் செலவு பண்ணாதீங்க. முதுகுல மாட்டுன நிலையில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மொத்தத்தையும் கறுப்பா நிரப்பிப் பாருங்க, உருவரையை வச்சே யாருன்னு தெரியணும். டீம் ஃபோர்ட்ரஸ் 2ன்னு ஒரு கேம், 2007ல வந்தது, அதுல ஒவ்வொரு ஆளையும் நிழலை வச்சே சொல்லிரலாம், அப்படித்தான் டிசைன் பண்ணாங்க. ரெண்டு ஸைத் முதுகுல குறுக்கா இருந்தா பெருக்கல் குறி மாதிரி இருக்கும், அது ஏற்கனவே ஆயிரம் கேரக்டர் போட்டுட்டான்.

மே 15

துப்பாக்கியா மாறுற விஷயத்தை நான் கண்டுக்காம விட்டுட்டேன்னு கேள்வி கேட்டவரே வந்து ஞாபகப்படுத்திட்டார்.

கத்தியும் துப்பாக்கியும் சேர்ந்தது ஒண்ணும் அனிமே கண்டுபிடிப்பு இல்ல. இங்கிலாந்து எட்டாம் ஹென்றிகிட்ட முள்ளுத் தலை வச்ச ஒரு தடி இருந்துச்சு, அந்தத் தலைக்குள்ளயே மூணு துப்பாக்கிக் குழல். 1838ல அமெரிக்கக் கடற்படையே கைத்துப்பாக்கிக்குக் கீழ அகலக் கத்தி வச்ச எல்ஜின் பிஸ்டலை வாங்குச்சு. ஏன் நிலைக்கலைன்னு பாத்தா ஒரு குண்டு சுட்டாச்சுன்னா மிச்சம் இருக்கறது முன்பாரம் அதிகமான ஒரு மட்டமான கத்தி, துப்பாக்கியா பாத்தா ஒரு மட்டமான துப்பாக்கி. ரெண்டு வேலையும் அரைகுறை.

கேம்ல இந்த அரைகுறையை அழகா எடுத்தது ஃபைனல் ஃபேன்டஸி 8, 1999. அதுல ஹீரோவோட கன்ப்ளேட், ட்ரிகர் வச்ச வாள், குண்டே சுடாது. அடி படுற நேரத்துல சரியா ட்ரிகர் அமுக்குனா பிளேடு அதிர்ந்து கூடுதல் டேமேஜ். ஒரு பட்டன், ஒரு டைமிங். அந்த ஆள் படிச்சு வளர்ந்ததே கூலிப்படைப் பள்ளியில, பயிற்சி பண்ணிப் பண்ணி வர்ற டைமிங், பொருந்துதா?

இருள்வேந்தனுக்கு வருவோம். மாறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துல அடி வாங்குவானா? துப்பாக்கியில எத்தனை குண்டு? குண்டு யார் செஞ்சு குடுக்குறா? குலத்துல கடைசி ஆள்னா குலத்தோட குண்டு செய்யத் தெரிஞ்சவனும் செத்துட்டான்ல. அப்போ இருக்கற குண்டு தீர்ந்தா தீர்ந்ததுதான். மொத்த கேமுக்கும் ஒன்பது குண்டுன்னு வச்சுப் பாருங்க. ஊர் எரிஞ்ச கதையைச் சொல்ல அந்த ஒன்பது போதும், ஒவ்வொண்ணு போகும்போதும் பிளேயருக்கு வயிறு கலங்கும்.

மே 15, சாயங்காலம்

ஒன்பது குண்டு யோசனைக்கு எதிர்ப்பு பலமா இருக்கு. "பிளேயர் ஒண்ணுகூட சுட மாட்டான், கடைசி பாஸ் (பெரிய வில்லன்) வரைக்கும் பதுக்கி வச்சிருப்பான், கேம் முடிஞ்சப்போ ஒன்பதும் பையில இருக்கும்."

உண்மைதான், நானே அப்படித்தான் விளையாடுவேன், நல்ல மருந்து பாட்டில் எல்லாம் கேம் முடியற வரைக்கும் தொடவே மாட்டேன். அப்போ அதையே கதையாக்கிருங்க. சுடாம வச்சிருந்தா துப்பாக்கி கனக்கும்னு வைங்க, குண்டு இருக்கற வரைக்கும் ஸைத் மெதுவாத்தான் சுத்தும். ஒவ்வொரு குண்டும் போகப் போக ஆள் வேகமாவான். கடைசி குண்டு போனப்புறம்தான் அவனோட முழு மூவ்செட்டும் திறக்கும். பதுக்குறவனுக்கு ஒரு இருள்வேந்தன், சுட்டுத் தள்ளுறவனுக்கு வேற இருள்வேந்தன். இதை நான் டெஸ்ட் பண்ணல, யாராவது பண்ணிப் பாருங்க, பேலன்ஸ், அதாவது கேமோட சமநிலை, நாறிப்போக வாய்ப்பு இருக்கு.

மே 17

பேலன்ஸ்னு சொன்னதும் எக்ஸெல் ஷீட்டோட வந்துட்டாங்க. டேமேஜையும் வேகத்தையும் பெருக்கி செகண்டுக்கு இவ்வளவுன்னு பாக்குறது அடிப்படைக் கணக்குதான், பண்ணுங்க. ஸ்கைரிம்னு ஒரு கேம்ல கத்தியோட வேகம் 1.3, வாள் 1, ரெண்டு கை சுத்தியல் 0.6. டேமேஜை அதுக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்கிட்டா ஷீட்ல எல்லாம் சமமாயிரும். ஆனா கையில சமமா இருக்காது. மெதுவான ஆயுதம் ஒரு தடவை தவறுனா போறது ஒரு அடி இல்ல, அந்த செகண்டே போயிருது. எதிரியோட மிச்ச உயிர் 10தான், உங்க அடி 80, மீதி 70 காத்துல போகுது. அதனால மெதுவான ஆயுதத்துக்கு ஷீட் சொல்றதை விடக் கொஞ்சம் கூடவே குடுக்கணும். எவ்வளவுன்னு ஷீட் சொல்லாது, விளையாடித்தான் பாக்கணும்.

என் துரட்டிக்கு ஷீட்ல பாத்தா கேவலமான நம்பர். ஆனா அவ இழுத்து ஆத்துல தள்ளுனா எதிரி காலி, அது ஷீட்டோட எந்தக் கட்டத்துலயும் இல்ல.

மே 18

அம்னீசியா. இதைத் தொடாம விட்டா எனக்கு சாப்பாடு இறங்காது.

ஞாபகம் போன ஹீரோ ஏன் இவ்வளவு பேர்னா, அது ஒரு சௌகரியம். பிளேயருக்கும் உலகம் தெரியாது, அவனுக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து கேள்வி கேக்கலாம். திட்ட மாட்டேன், சௌகரியம்தானே. ஆனா ஞாபகம் போனவன்கிட்ட 14 பக்கம் பேக்ஸ்டோரி இருந்தா அதை யார் எடுத்துட்டுப் போறது? அவன் கை. தலைக்கு மறந்தது கைக்கு மறக்காதுல்ல. வாள் பக்கத்துல வந்தா கை தானா போகும், ஒரு குறிப்பிட்ட ஆயுதத்தை மட்டும் தூக்க முடியாம கை நடுங்கும், இந்த மாதிரி.

டிஸ்கோ எலிசியம்னு ஒரு கேம், 2019. போலீஸ்காரன், எல்லாத்தையும் மறந்துட்டான், அதோட துப்பாக்கியையும் பேட்ஜையும் தொலைச்சுட்டான். அந்தத் துப்பாக்கி கையில இல்லங்கறதுதான் அவனைப் பத்தி நமக்குத் தெரிய வர்ற முதல் விஷயங்கள்ல ஒண்ணு, தேடிட்டு அலையணும், கேக்குற ஆளெல்லாம் ஒரு மாதிரி பாப்பாங்க. இல்லாத ஆயுதமே இவ்வளவு பேசுது. உங்க ஹீரோவுக்கு ஏன் ஆரம்பத்துலயே ரெண்டு ஸைத்தும் இருக்கணும்? ஒண்ணு மட்டும் குடுங்க. ரெண்டாவது யார்கிட்ட இருக்கு?

இதை எழுதிட்டு யோசிக்கும்போதே எனக்கு ஜிவ்வுன்னு இருக்கு. அனிமேஷன் எல்லாம் ரெண்டு ஆயுதத்துக்கே பண்ணுங்க, ஒரு கை காலியாவே சுத்தட்டும். காலிக் கை எங்க வெட்டணுமோ அங்க வெட்டும், ஆனா வெட்டாது.

மே 18, பின்குறிப்பு

"காலிக் கையில சுத்துனா அனிமேஷன் பக்னு நெனச்சு ரிப்போர்ட் போடுவாங்க"ன்னு சொல்லிருக்கீங்க. போடுவாங்க. இருபது ரிப்போர்ட் வந்தா ஐடியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், இருநூறு வந்தா விரல்ல ஒரு மூடுற அசைவு சேருங்க, எதையோ பிடிச்சிருக்கற மாதிரி.

மே 20

ஆயுதமும் பழைய கதையும் ஒரே முடிச்சுல இருக்கறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் காட் ஆஃப் வார். 2018 பாகத்தை விளையாடாதவங்க இந்தக் குறிப்பைத் தாண்டிப் போயிருங்க.

2005ல வந்த முதல் கேம்ல ஹீரோ க்ரேடோஸ் கையில சங்கிலி வச்ச ரெண்டு கத்தி, சங்கிலி முன்கையிலேயே சுட்டு ஒட்ட வச்சது. 2018ல கையில பனிக்கோடாலி, முன்கை ரெண்டும் துணி சுத்தி மறைச்சிருக்கும், பழைய கத்தி வீட்டுத் தரைக்கு அடியில. மகனுக்கு உடம்பு சரியில்லாம போகுது, மருந்துக்கு ஹெல்ஹெய்முக்கு, செத்தவங்க உலகத்துக்கு, போகணும், அங்க இருக்கற எதிரிங்க மேல பனிக்கோடாலி எடுபடாது. நெருப்பு வேணும். நெருப்பு எங்க இருக்கு? தரைக்கு அடியில.

கவனிச்சுப் பாருங்க, "பனி எதிரி மேல பனி ஆயுதம் வேலை செய்யாது"ங்கறது பழைய காலத்து சாதாரண கேம் விதி, சின்னப் பசங்களுக்கும் தெரியும். அந்த மொக்கை விதிதான் அவனைத் திரும்ப அந்தக் கத்திகிட்ட கூட்டிட்டுப் போகுது. அது கையில வந்த அடுத்த நிமிஷத்துல இருந்து சண்டையும் பழைய மாதிரி சங்கிலி வீச்சுக்கு மாறுது, விளையாடுறவனுக்கு ஜாலியா இருக்கு, க்ரேடோஸுக்கு அவமானமா இருக்கு. ரெண்டும் ஒரே பட்டன்ல. 11ஆம் தேதி நான் சொன்ன "முடியாத இடம்" இதுதான், ஒழுங்கா சொல்ல அன்னிக்கு வரல.

மே 21

இழை எங்கயோ போகுது, ஆயுதம் உடையறதைப் பத்தி சண்டை. என் கருத்து சுருக்கமா: ஆயுதம் உடையற கேம்ல கஸ்டம் ஆயுதத்துக்குப் பேக்ஸ்டோரி எழுதாதீங்க, வீண். 2017ல வந்த ப்ரெத் ஆஃப் த வைல்டுல கையில எடுத்ததெல்லாம் உடையும், அதனால யாருக்கும் எதுமேலயும் பாசம் வராது, கண்டதை எடுத்து அடிப்போம், அதுதான் அந்த கேமோட சந்தோஷமே. ஆனா மாஸ்டர் ஸ்வார்ட் மட்டும் உடையாது, சக்தி தீர்ந்து பத்து நிமிஷம் ஓய்வெடுத்துட்டு வரும். மத்ததெல்லாம் உடையறதாலதான் அது ஒண்ணு தனியா நிக்குது. உங்க கேம்ல எது சாதாரணம்னு முடிவு பண்ணாம எது விசேஷம்னு சொல்ல முடியாது.

சுருள்வாள் போடலாமான்னு கேட்டவருக்கு: போடுங்க, ஆனா ரிக் பண்ணும்போது, அதாவது அசையறதுக்காக மாடலுக்குள்ள எலும்பு மாட்டும்போது, அழுவீங்க. வளையற பிளேடுக்கு எலும்புச் சங்கிலி வேணும், பதினஞ்சு இருபது எலும்பு, மொத்தத்தையும் ஃபிசிக்ஸ்கிட்ட விட்டா ஒவ்வொரு அடியும் வேற இடத்துல படும், பிளேயர் எரிச்சலாவான். கண்ணுக்குத் தெரியற பிளேடை ஃபிசிக்ஸ்ல ஆட விட்டுட்டு ஹிட்பாக்ஸை (அடி படுதான்னு பாக்குற கண்ணுக்குத் தெரியாத எல்லை) மட்டும் தனியா நிலையா வைங்க. ரெண்டும் கொஞ்சம் விலகும், பரவாயில்ல, யாரும் ஸ்கேல் வச்சு அளக்க மாட்டாங்க. தன் காலையே வெட்டிக்குமோங்கற பயம்தான் அந்த ஆயுதத்தோட பாதிக் குணம், அதை எடுத்துட்டா வெறும் சாட்டை.

மே 23

கேள்வி கேட்டவர் 14 பக்கத்தை வெட்டி முக்கால் பக்கமாக்கி அனுப்பிருக்கார். படிச்சேன். இப்போ ஊர் எரியல. ஒரு ஸைத் தங்கச்சிகிட்ட இருக்கு, தங்கச்சி எதிர்ப்பக்கம். துப்பாக்கி ரெண்டு பேரும் சேர்ந்தாதான் வரும். அட, இது நான் சொன்னதை விட நல்லா இருக்கு, ஒன்பது குண்டை மறந்துருங்க.

ரெண்டு விஷயம் மட்டும். சண்டை நடுவுல அவன் "தங்கச்சீ..."ன்னு கத்துற வசனம் வேண்டாம். சண்டையில வர்ற வசனத்தை பிளேயர் நூறு தடவை கேப்பான், மூணாவது தடவையே சிரிப்பு வந்துரும். கதை சம்பந்தப்பட்ட வசனத்தை ஒரே தடவை வர்ற இடத்துல வைங்க, திரும்பத் திரும்ப வர்ற இடத்துல மூச்சு, முனகல், அவ்வளவுதான். ரெண்டாவது, இருள்வேந்தன்ங்கற பேரு. தங்கச்சி அவனை வீட்டுல எப்படிக் கூப்பிடுவா? "இருள்வேந்தா, சட்டையைத் துவைச்சுப் போடு"ன்னா? அவ கூப்பிடற பேர் ஒண்ணு வேணும்.

மே 24

"குட்டா"வாம். இருள்வேந்தனோட வீட்டுப் பேரு குட்டா. எனக்கு ஓகே.

மே 26

கடைசியா அவர் போட்ட ஸ்க்ரீன்ஷாட். ஆள் பயங்கர ஸ்டைலா நிக்கறான், கைப்பிடி எங்கயோ இருக்கு, ஸைத் கட்டெறும்பு சைஸ்ல கால் சுண்டுவிரல் பக்கத்துல கிடக்கு. டிசைன் பிரச்சனை இல்ல இது. மாடல் பண்ற பிளெண்டர்ல மீட்டர் கணக்கு, கேமை ஓட்டுற அன்ரியல்ல சென்டிமீட்டர் கணக்கு, நூறு மடங்கு வித்தியாசம் எங்கயோ நுழைஞ்சிருக்கு. ஆப்ஜெக்ட் மோட்ல ஸைத்தை செலக்ட் பண்ணி கன்ட்ரோல்-ஏ அமுக்கி ஸ்கேல் அப்ளை பண்ணுங்க, ஆரிஜின் பாயின்டை பிளேடு நடுவுல இருந்து எடுத்து கை பிடிக்கிற இடத்துக்குக் கொண்டு வாங்க, அப்புறம் எக்ஸ்போர்ட். அப்பவும் சின்னதாவே வந்தா எக்ஸ்போர்ட் செட்டிங்ஸைப் படம் எடுத்துப் போடுங்க, பாக்கறேன்.